மறதியின் காரணம் தேடிய மருத்துவர்

நுழையும்முன்

விடுமுறையில் நாம் ஊருக்குச் செல்லும்போது வாசலிலேயே காத்திருந்து வரவேற்கும் பாட்டி, ஒருநாள் நம்மை யாரென்று அறியாமல் விழித்தால் எப்படி இருக்கும்? அடுப்பை அணைக்க மறப்பதும், பழகிய தெருவிலேயே வழி தவறுவதும், பெற்ற பிள்ளையின் பெயரை மறப்பதும் முதுமையின் இயல்பு என்றே மக்கள் நெடுங்காலம் கருதினர். இத்தகைய மறதிக்குப் பின்னால் மூளையைப் பற்றும் நோய் ஒன்று இருக்கக்கூடும் என்பதற்குச் சான்று காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

இளமையும் கல்வியும்

ஜெர்மனியின் தென்பகுதியில் பவேரியா என்னும் மாநிலம் உள்ளது. அங்கே மைன் ஆற்றங்கரையில் மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூரில் 1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அல்சைமர் பிறந்தார். தந்தையார் எட்வர்டு அல்சைமர், ஆவணங்களுக்குச் சான்றளிக்கும் நோட்டரியாகப் பணியாற்றினார். பிள்ளைகள் நல்ல பள்ளியில் பயில வேண்டும் என்பதற்காக அக்குடும்பம் அஷாஃபன்பர்க் என்னும் நகருக்குக் குடிபெயர்ந்தது. கல்விக்காகவும் பணிக்காகவும் சொந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழ்வது எந்நாட்டிலும் உண்டு என்பது இதனால் விளங்குகிறது.

பள்ளியில் அல்சைமர் இயற்கை அறிவியல் பாடங்களில் சிறந்து விளங்கினார். பின்னர் பெர்லின், வூர்ட்ஸ்பர்க், டூபிங்கன் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். படிப்பில் மட்டுமன்றி வாள்வீச்சிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. 1887ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். காதில் மெழுகு போன்ற அழுக்கைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியதே அவருடைய பட்ட ஆய்வு. கண்ணுக்குப் புலப்படாத நுண்பொருள்களை நுண்ணோக்கியின் வழியே காணும் பயிற்சி அவருக்கு அப்போதே வாய்த்தது. அப்பயிற்சிதான் பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாக நின்றது.

பிராங்க்பர்ட் மருத்துவமனை

1888ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பிராங்க்பர்ட் நகரில் இருந்த மனநோய், வலிப்புநோய் மருத்துவமனையில் அல்சைமர் பணியில் சேர்ந்தார். எமில் சியோலி என்பவர் அதன் இயக்குநராக இருந்தார். அக்காலத்தில் மனநோயாளிகளைப் பல இடங்களில் கட்டிவைத்தும் அறையில் அடைத்தும் வைத்திருந்தனர். அவர்களுக்கு மருத்துவம் பார்ப்பதைவிட அவர்களைப் பிறர் கண்ணில் படாமல் ஒதுக்கிவைப்பதே வழக்கமாக இருந்தது. சியோலியும் அல்சைமரும் இம்முறையை மாற்ற முயன்றனர். கட்டுகளை நீக்கினர். மனம் கொந்தளித்த நோயாளிகளை வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் நெடுநேரம் அமரவைத்து அமைதியுறச் செய்தனர். நோயாளிகளுடன் உரையாடுவதையும் அவர்கள் கூறுவதைக் குறித்துவைப்பதையும் அல்சைமர் தம் கடமையாகக் கொண்டார்.

1889ஆம் ஆண்டு ஃபிரான்ஸ் நிசில் என்னும் இளம் மருத்துவர் அங்கே வந்து சேர்ந்தார். மூளையின் நரம்பணுக்களுக்குச் சாயம் ஏற்றி, அவற்றைத் தெளிவாகக் காணும் வழியைக் கண்டறிந்தவர் அவர். இருவரும் உற்ற நண்பராயினர். பகலில் நோயாளிகளைப் பேணினர். இரவில் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தனர். மனநோய்களுள் சிலவற்றுக்கேனும் மூளையின் திசுக்களில் ஏற்படும் மாற்றமே காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். ஆனால் எண்ணம் மட்டும் அறிவியல் ஆகாது. அதற்குச் சான்று வேண்டும். அச்சான்றைத் தேடுவதிலேயே அல்சைமரின் ஆண்டுகள் பல கழிந்தன.

இதற்கிடையில் சிசிலி என்னும் அம்மையாரை அவர் மணந்தார். அவர்களுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தனர். ஆனால் 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிசிலி அம்மையார் நோயுற்று இறந்தார். அல்சைமர் பெருந்துயரில் ஆழ்ந்தார். அவருடைய தங்கை வந்து தங்கிக் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். அல்சைமர் தம் துயரைப் பணியில் கரைத்தார். முன்னினும் மிகுதியான நேரத்தை நோயாளிகளிடம் செலவிட்டார்.

தம்மை இழந்த பெண்மணி

அதே ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், 51 வயதுப் பெண்மணி ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருடைய கணவர் ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். சில மாதங்களுக்கு முன்புவரை அப்பெண்மணி வீட்டைச் செம்மையாக நடத்திவந்தார். பின்னர் அவரிடம் மாற்றங்கள் தோன்றின. கணவர்மீது காரணமின்றி ஐயம் கொண்டார். சமையலில் பிழைகள் செய்தார். பொருள்களை ஒளித்துவைத்தார், எங்கே வைத்தோம் என்பதை மறந்தார். வீட்டுக்குள்ளேயே நோக்கமின்றி அலைந்தார். செய்வதறியாத கணவர் அவரை மருத்துவமனைக்கு அழைத்துவந்தார்.

மறுநாள் அல்சைமர் அவர் அருகில் அமர்ந்து பொறுமையுடன் உரையாடினார். எழுதுகோல், சாவி முதலிய பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அப்பெண்மணி அவற்றின் பெயர்களைச் சரியாகச் சொன்னார். சிறிது நேரம் கழித்து எவற்றைக் கண்டார் என்று வினவியபோது ஒன்றும் அவர் நினைவில் இல்லை. உணவு உண்டுகொண்டிருக்கும்போதே என்ன உண்கிறார் என்று கேட்டதற்கு வேறோர் உணவின் பெயரைக் கூறினார். தம் பெயரை எழுதுமாறு கேட்டபோது, திருமதி என்று பொருள்படும் முதற்சொல்லை எழுதினார். எஞ்சியதை மறந்து நின்றார். தம்மையே தாம் இழந்துவிட்டதாக அவர் வருந்தியதை அல்சைமர் குறித்துவைத்தார்.

வயதில் மிக முதிர்ந்தோரிடம் இத்தகைய மறதியை மருத்துவர்கள் கண்டிருந்தனர். ஆனால் இப்பெண்மணிக்கோ வயது 51தான். முதுமையே காரணம் என்று கூறி இதனை ஒதுக்கிவிட முடியாது. எனவே அல்சைமர் தாம் கேட்ட வினாக்களையும் அவர் அளித்த விடைகளையும் நாள்தோறும் தம் கைப்பட எழுதினார். மருந்தால் நோயைத் தீர்க்க அவரால் இயலவில்லை. ஆயினும் பிறர் பிதற்றல் என்று தள்ளியதை அவர் செவிகொடுத்துக் கேட்டார்.

நுண்ணோக்கி காட்டிய உண்மை

1903ஆம் ஆண்டு அல்சைமர் பிராங்க்பர்ட்டை விட்டு நீங்கினார். புகழ்பெற்ற மனநல மருத்துவர் எமில் கிரேப்பலினுடன் முதலில் ஹைடல்பர்க்கிலும், அடுத்து மியூனிக்கிலும் பணியாற்றினார். மியூனிக்கில் தொடக்கத்தில் ஊதியமின்றியே ஆய்வுப்பணி செய்தார். தம் மனைவியார் விட்டுச்சென்ற செல்வம் அதற்கு உதவியது. ஊர் மாறியபோதும் பிராங்க்பர்ட் பெண்மணியை அவர் மறக்கவில்லை. அவருடைய நிலையைத் தொடர்ந்து கேட்டறிந்தார்.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அப்பெண்மணி இறந்தார். அவருடைய மூளையும் மருத்துவக் குறிப்புகளும் மியூனிக்கிற்கு அனுப்பப்பட்டன. அல்சைமர் அம்மூளையை ஆராய்ந்தார். இயல்பான மூளையைவிட அது சுருங்கியிருந்தது. அதனைத் தலைமுடியினும் மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்புக் கரைசலால் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்.

அவர் கண்டவை இரண்டு. பெருமூளையின் புறணிப் பகுதியில், நரம்பணுக்களுக்கு வெளியே, ஏதோ ஒரு பொருள் சிறுசிறு படிவுகளாகத் தேங்கியிருந்தது. நரம்பணுக்களுக்கு உள்ளேயோ, மெல்லிய இழைகள் தடித்து, சிக்கலான நூற்கண்டுபோல் முறுக்கிக் கிடந்தன. பல இடங்களில் நரம்பணு முழுவதும் அழிந்து, அச்சிக்கல் மட்டுமே எஞ்சியிருந்தது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதால்தான் நாம் நினைக்கிறோம், பேசுகிறோம், பிறரை அடையாளம் காண்கிறோம். அந்த அணுக்கள் அழிந்தால் நினைவும் அழிகிறது. அப்பெண்மணியின் மறதிக்கு அவருடைய குணமோ விதியோ காரணமன்று. மூளையில் நேர்ந்த சிதைவே காரணம் என்பதற்கு இவை சான்றாயின.

வினா எழுப்பாத அவை

1906ஆம் ஆண்டு நவம்பர் மாதம், டூபிங்கன் நகரில் தென்மேற்கு ஜெர்மனியின் மனநல மருத்துவர்கள் கூடினர். அக்கூட்டத்தில் அல்சைமர் தம் கண்டுபிடிப்பை விளக்கினார். உரை முடிந்தது. தலைவர் வினாக்களுக்கு இடமளித்தார். எவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை. அடுத்து வரவிருந்த பொருள்மீதே அனைவரின் கவனமும் இருந்தது. அல்சைமர் அமைதியாகத் தம் இருக்கைக்குத் திரும்பினார்.

அவர் மனம் தளரவில்லை. மறுஆண்டு தம் ஆய்வை மூன்று பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். தாம் புதிய நோய் ஒன்றைக் கண்டறிந்துவிட்டதாக அவர் முழங்கவில்லை. இன்னும் பல நோயாளிகளை ஆராய வேண்டும் என்று கருதினார், அவ்வாறே ஆராய்ந்தார். 1910ஆம் ஆண்டு கிரேப்பலின் தம் மனநல மருத்துவ நூலின் புதிய பதிப்பில் இந்நோய்க்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார். கூட்டத்தில் கேட்பாரற்றுப் போன செய்தி, நான்கே ஆண்டுகளில் பாடநூலில் இடம்பெற்றது.

ஆசிரியர் அல்சைமர்

மியூனிக்கில் அல்சைமரின் ஆய்வுக்கூடத்திற்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். அவர்களுள் சாலமன் கார்ட்டர் ஃபுல்லர் என்பவரும் ஒருவர். ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, அங்கே மனநல மருத்துவரான முதல் கறுப்பினத்தவர் அவர். நிறவேற்றுமை மிகுந்திருந்த அக்காலத்தில் அவர் அங்கே பயின்று, பின்னர் இந்நோயைப் பற்றி அமெரிக்காவில் ஆராய்ந்தார். பார்க்கின்சன் நோயில் காணப்படும் புரதத் திரள்களைக் கண்டறிந்த லூயி என்பவரும் அக்கூடத்தில் பணியாற்றியவரே.

அல்சைமர் ஒவ்வொரு மாணவரின் அருகிலும் நெடுநேரம் அமர்ந்து, நுண்ணோக்கியில் காண்பதை விளக்குவார். அவருக்குச் சுருட்டுப் புகைக்கும் பழக்கம் உண்டு. மாணவரின் மேசையில் சுருட்டை வைத்துவிட்டு நுண்ணோக்கியில் ஆழ்ந்துவிடுவாராம். மாலையில் மாணவர் ஒவ்வொருவரின் மேசையிலும் ஒரு சுருட்டுத்துண்டு கிடக்குமாம்.

1912ஆம் ஆண்டு பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக நியமனம் பெற்றார். அந்நகர் இன்று போலந்து நாட்டில் விரோட்ஸ்வாஃப் என்னும் பெயரில் விளங்குகிறது. பணியேற்க ரயிலில் செல்லும்போதே அவர் நோயுற்றார். இதயம் நலிந்தது. ஆயினும் மூன்று ஆண்டுகள் தம் கடமைகளை ஆற்றினார். 1915ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 51. பிராங்க்பர்ட்டில், மனைவியாரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

மறைந்த பின்னும் தொடர்ந்த பணி

அல்சைமர் நோய் நடுவயதினர் சிலருக்கு மட்டுமே வரும் அரிய நோய் என்றே பின்னரும் பல ஆண்டுகள் எண்ணப்பட்டது. முதியோரின் மறதி வேறு என்று கருதினர். 1960களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மருத்துவர்கள், மறதியுற்று இறந்த முதியோரின் மூளைகளை ஆராய்ந்தனர். அல்சைமர் கண்ட அதே படிவுகளும் சிக்கல்களும் அவற்றிலும் இருந்தன. அரிய நோய் என்று எண்ணியது, உண்மையில் உலகெங்கும் பரவலாக உள்ள நோய் என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. படிவுகளில் உள்ள அமிலாய்டு என்னும் புரதமும், சிக்கல்களில் உள்ள டௌ என்னும் புரதமும் 1980களில் இனங்காணப்பட்டன.

1995ஆம் ஆண்டு பிராங்க்பர்ட்டில், நெடுங்காலம் காணாமற்போயிருந்த கோப்பு ஒன்று கிடைத்தது. அல்சைமர் தம் கைப்பட எழுதிய அந்தப் பெண்மணியின் குறிப்புகளே அவை. சில ஆண்டுகளில் மூளைச் சீவல்கள் பதிந்த கண்ணாடித் தகடுகளும் மியூனிக்கில் கிடைத்தன. இக்கால அறிஞர்கள் அவற்றை மீண்டும் ஆராய்ந்தனர். அல்சைமர் கூறியவை சரியே என்பது உறுதியாயிற்று.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 லட்சம் பேர் டிமென்ஷியா எனப்படும் அறிவாற்றல் இழப்பு நோய்களால் துன்புறுவதாக 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோயே. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மைய அறிஞர்கள், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தைச் சுற்றிய சிற்றூர்களில் 45 வயதைக் கடந்தோரின் மூளைநலத்தை ஆண்டுதோறும் தொடர்ந்து ஆராய்ந்துவருகின்றனர். நோயை முற்றிலும் தீர்க்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. தொடக்க நிலையில் அதன் வேகத்தைச் சற்றே குறைக்கும் மருந்துகள் வந்துள்ளன. உடற்பயிற்சி, இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுக்குள் வைத்தல், புகைபிடிக்காமை, செவித்திறன் குறைந்தால் உரிய கருவி அணிதல், பிறருடன் பழகுதல் ஆகியவை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

நம் கடமை

மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தாத்தா தேடினால் அது நோயன்று. வயதானவர்க்குச் சிறு மறதி இயல்பே. மூக்குக்கண்ணாடி எதற்கு என்பதையே மறந்தால் மருத்துவரிடம் அழைத்துச்செல்ல வேண்டும். நோயுற்ற முதியவர் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கலாம். பத்தாம் முறையும் அவருக்கு அது முதல் முறையே. அவர் பிடிவாதத்தால் கேட்பதில்லை என்று உணர்ந்தால் நமக்குச் சினம் வாராது.

மற்றொரு செய்தியும் உண்டு. பல மொழி அறிந்தவர்க்கு இந்நோய் வந்தால், சிலர் பிற்காலத்தில் கற்ற மொழியை மெல்ல மறந்து, தாய்மொழியில் மட்டுமே பேசத் தொடங்குவர். தில்லியிலோ மும்பையிலோ நாற்பது ஆண்டுகள் இந்தி பேசி வாழ்ந்த பாட்டி ஒருவர், முதுமையில் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்கக்கூடும். அக்குரலைப் புரிந்துகொள்ள வீட்டில் ஒருவரேனும் வேண்டாவா? நாம் இன்று கற்கும் தமிழ், ஒருநாள் ஒரு முதியவரின் தனிமையைத் தீர்க்கும் மருந்தாகலாம்.

தம் பெயரையும் மறந்த ஒரு பெண்மணியின் அருகில் அமர்ந்து, அவர் கூறியதை எழுதிவைத்தார் அல்சைமர். அவர் தொடங்கிய தேடல் இன்னும் முடியவில்லை. அதனைத் தொடரும் அறிஞராக உங்களுள் ஒருவர் வளரலாம். அதுவரை, மறதியுற்ற முதியோரின் அருகில் அமர்ந்து கேட்பது நம் அனைவராலும் இயலும்.

சொல்லும் பொருளும்

நுண்ணோக்கி – கண்ணுக்குத் தெரியாத பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி
நரம்பணு – மூளையிலும் நரம்பிலும் செய்தியைக் கடத்தும் செல்
புறணி – மேலுறை போன்ற வெளிப்பகுதி
படிவு – ஓரிடத்தில் தேங்கிப் படிந்த பொருள்
பிதற்றல் – பொருளற்ற பேச்சு
செவிகொடுத்தல் – கவனித்துக் கேட்டல்

விடையளிக்க

1. அல்சைமரின் குடும்பம் அஷாஃபன்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது ஏன்?
2. பிராங்க்பர்ட் மருத்துவமனையில் சியோலியும் அல்சைமரும் செய்த மாற்றங்கள் யாவை?
3. அப்பெண்மணியின் மறதிக்கு முதுமையே காரணம் என்று அல்சைமர் ஒதுக்கிவிடாதது ஏன்?
4. நுண்ணோக்கியின் வழியே அல்சைமர் கண்ட இரு மாற்றங்களை விளக்குக.
5. டூபிங்கன் கூட்டத்தில் எவரும் வினா எழுப்பவில்லை. அதன் பின்னர் அல்சைமர் செய்தவற்றிலிருந்து நீ அறிவது யாது?

செய்து பார்ப்போம்

உன் தாத்தா அல்லது பாட்டியிடம் அவர்களுடைய இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைத் தமிழில் கூறச்சொல். குறுக்கிடாமல் கேள். கேட்டதைப் பத்து வரிகளில் எழுதி, அவர்களிடமே படித்துக்காட்டு.